பத்து வருஷம் சேர்ந்து வாழ்ந்தால் தானாகவே மனைவி ஆகிவிடுவோமா?

தாம்பரம்_கவி

எனக்கு 41, அவருக்கு 46. இருவருக்கும் முன்பு கல்யாணம் ஆனதில்லை. இருவரும் இந்துக்கள்தான். ஒரே வீட்டில் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. கல்யாணம் வேண்டாம் என்பது நாங்கள் யோசித்து எடுத்த முடிவு. அதற்கு அறிவுரை வேண்டாம், ப்ளீஸ்.

போன மாதம் அவருக்கு நெஞ்சுவலி. ஆஸ்பத்திரியில் ஆஞ்சியோவுக்கான ஒப்புதல் படிவத்தில் "நோயாளிக்கு என்ன உறவு" என்று ஒரு கட்டம். நான் பேனாவை வைத்துக்கொண்டு யோசிப்பதைப் பார்த்துவிட்டு, "மனைவியா மேடம்? ஆதார்ல அவர் பேர் இருக்கா?" என்று கவுண்டரில் கேட்டார்கள். இல்லை. கடைசியில் மதுரையிலிருந்து அவர் தம்பி விடிகாலையில் வந்து கையெழுத்துப் போட்டார். இப்போது அவர் நன்றாக இருக்கிறார். ஆனால் எனக்குத் தூக்கம் போய்விட்டது.

வீடு அவர் பெயரில். கடன் தவணையில் பாதி என் கணக்கிலிருந்து போகிறது. அவர் அம்மா மதுரையில் தம்பியோடு இருக்கிறார், அப்பா இல்லை. "இத்தனை வருஷம் ஆயிட்டா சட்டப்படி மனைவிதான், கவலைப்படாதே" என்கிறாள் ஆபீஸ் தோழி. உண்மையா?

ரவி_திருச்சி

உங்கள் தோழி சொல்வது சரிதான். 2013-ல் சென்னை ஹைகோர்ட்டே சொல்லிவிட்டது. வயது வந்த ஆணும் பெண்ணும் உடலுறவு வைத்திருந்தால் கணவன் மனைவிதான் என்று. பேப்பரில் தலைப்புச் செய்தியாக வந்தது.

கருப்புக்கோட்டு

ரவி சார், தலைப்புச் செய்தியோடு நின்றுவிட்டீர்கள். நீதிபதி கர்ணன் கொடுத்த தீர்ப்பு அது. கல்யாணத்துக்கு ஆவணம் இல்லை என்று ஜீவனாம்சம் மறுக்கப்பட்ட, இரண்டு குழந்தைகளுக்குத் தாயான ஒரு பெண்ணின் வழக்கு. அந்தப் பெண்ணுக்கு நியாயம் கிடைத்தது சரி, அதற்கு எழுதிய காரணம்தான் ஊரெல்லாம் கேலிக்கு ஆளானது. பிறகு அவரே விளக்கமும் கொடுத்தார். அதை நம்பி யாரும் வீடு வாசலைப் பணயம் வைக்க வேண்டாம்.

கவி மேடம், நேரடியாகச் சொல்கிறேன். இந்தியாவில் இத்தனை வருஷம் சேர்ந்திருந்தால் தானாக மனைவி என்று எந்தச் சட்டமும் இல்லை. ஐந்தும் இல்லை, பத்தும் இல்லை, இருபதும் இல்லை. இருப்பது இரண்டு விஷயம். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் இந்த வதந்தி.

ஒன்று, 2005-ம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம். "திருமணத்தை ஒத்த உறவு" என்று ஒரு வரி அதில் இருக்கிறது. கட்டிய மனைவியாக இல்லாவிட்டாலும் அப்படி வாழ்ந்த பெண் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். அடி உதையிலிருந்து பாதுகாப்பு, சேர்ந்து வாழ்ந்த வீட்டிலிருந்து துரத்தக்கூடாது என்ற உத்தரவு, மாதாமாதம் பணம் என்று எல்லாம் கேட்கலாம். எது திருமணத்தை ஒத்த உறவு என்று உச்ச நீதிமன்றம் 2010 அக்டோபரில் சொன்னது, அதுவும் நம் கோயம்புத்தூர் வழக்கு ஒன்றில்தான். வேலுசாமி வழக்கு என்போம். ஊர் உலகத்துக்குக் கணவன் மனைவி போல் தெரிய வேண்டும், இருவருக்கும் கல்யாண வயது ஆகியிருக்க வேண்டும், வேறு யாரையும் கட்டியிருக்கக் கூடாது, விரும்பிச் சேர்ந்து கணிசமான காலம் வாழ்ந்திருக்க வேண்டும். இதெல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. சனி ஞாயிறு சந்திப்புகள் கணக்கில் வராது. நீங்கள் இதில் தாராளமாக வருவீர்கள்.

இரண்டு, திருமண அனுமானம். நீண்ட காலம் கணவன் மனைவியாக வாழ்ந்தவர்களுக்குக் கல்யாணம் ஆகியிருக்கும் என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம். பழைய சாட்சியச் சட்டத்தில் 114-வது பிரிவு, இப்போது பாரதிய சாட்சிய அதிநியமத்தில் 119. 1978-ல் ஒரு வழக்கில் ஐம்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்த தம்பதியைப் பற்றி, இப்போது போய்ப் புரோகிதரையும் சாட்சியையும் கொண்டுவா என்றால் எங்கே போவார்கள் என்ற ரீதியில் உச்ச நீதிமன்றம் கேட்டது. ஆனால் இது வெறும் அனுமானம். எதிர்த்தரப்பு உடைக்கலாம். "நாங்கள் கல்யாணம் வேண்டாம் என்று முடிவெடுத்தோம்" என்று நீங்களே பொதுவெளியில் எழுதிவிட்டீர்கள். உடைக்க இதைவிட என்ன வேண்டும்?

தாம்பரம்_கவி

ஐயோ. இந்தப் பதிவை நீக்கிவிடவா?

கருப்புக்கோட்டு

புனைபெயரில்தானே இருக்கிறீர்கள், இருக்கட்டும். நான் சொல்ல வந்தது வேறு. நமது சட்டம் உங்கள் உறவை இரண்டு நேரத்தில்தான் திரும்பிப் பார்க்கும். முறிந்தால் பார்க்கும், அப்போது பெண்ணுக்கு ஓரளவு கை கொடுக்கும். ஒருவர் இறந்தால் பார்க்கும், அப்போது கையை விரித்துவிடும். நடுவில் நன்றாக வாழும் காலத்தில் அது உங்களைக் கண்டுகொள்வதே இல்லை. உங்களுக்குப் பிரச்சினை முறிவு இல்லை. மற்ற இரண்டும்தான்.

பண்பாடு_முக்கியம்

மேலை நாட்டுக் கழிசடையைக் கொண்டுவந்து இங்கே போட்டுவிட்டு சட்டம் காப்பாற்றவில்லை என்றால் எப்படி? இதெல்லாம் குற்றம் என்று அறிவிக்க வேண்டும்.

மாடவீதி

குற்றம் இல்லை என்று சொல்லியாகிவிட்டது சார். 2005-ல் நடிகை குஷ்பு ஒரு பத்திரிகையில் ஏதோ சொல்லப்போய், தமிழ்நாடு முழுக்க இருபதுக்கும் மேற்பட்ட புகார்கள். 2010 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மொத்தத்தையும் ரத்து செய்தது. வயது வந்த இருவர் சேர்ந்து வாழ்வது ஒழுக்கக் கேள்வியாக இருக்கலாம், குற்றமாகாது என்றது. கோவையில் கல்யாணம் ஆகாத ஜோடி தங்கியது என்று ஒரு விடுதிக்கு அதிகாரிகள் சீல் வைத்தார்களே, 2019 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் எந்தச் சட்டத்தில் இதற்குத் தடை என்று கேட்டு சீலை எடுக்கச் சொன்னது. கவி கேட்டது வேறு, அதைப் பேசுவோம்.

நெல்லை_குமார்

சட்டம் எல்லாம் பெண்ணுக்குத்தான். ஆணுக்கு என்ன இருக்கிறது? ஆறு வருஷம் சேர்ந்து இருந்துவிட்டுப் பிரிந்தால் கற்பழிப்பு வழக்கு. என் நண்பன் அலைகிறான்.

கருப்புக்கோட்டு

குமார், பாதி சரி. குடும்ப வன்முறைச் சட்டத்தில் ஆண் மனு போட முடியாது. கல்யாணம் செய்வதாக ஏமாற்றி உறவு கொண்டால் பாரதிய நியாய சன்ஹிதா (இப்போதைய குற்றவியல் சட்டம்) 69-வது பிரிவில் பத்து வருஷம் வரை சிறை உண்டு. ஆனால் சொல்லும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்ததா, உண்மையாக நினைத்துப் பிறகு நடக்காமல் போனதா என்று நீதிமன்றம் பார்க்கும். பின்னது குற்றமாகாது. பல வருஷம் ஒரே வீட்டில் வாழ்ந்தது பல வழக்குகளில் ஆணுக்குச் சாதகமாகவே முடிந்திருக்கிறது. நண்பர் வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு, பழைய மெசேஜ் எதையும் அழிக்காமல் வக்கீலிடம் கொடுக்கட்டும்.

பெயர்_வேண்டாம்

எல்லோரும் படித்தவர்கள் பேசுகிறீர்கள். நான் கேட்பதற்கும் பதில் சொல்லுங்கள். நான் கோவைப் பக்கம். அவருக்கு ஊரில் மனைவி, இரண்டு பிள்ளைகள். தெரிந்துதான் வந்தேன். கோவிலில் வைத்துத் தாலி கட்டினார், அவர் நண்பர்கள் இருந்தார்கள். எங்களுக்கு ஒரு மகன், பிளஸ் ஒன் படிக்கிறான். பள்ளிச் சான்றிதழில் அப்பா பெயர் அவர் பெயர்தான். பதினாறு வருஷமாக வீட்டுச் செலவு எல்லாம் அவர்தான். இப்போது வருவது குறைந்துவிட்டது. எனக்கு என்ன உரிமை?

கருப்புக்கோட்டு

அம்மா, உங்களுக்கும் உங்கள் மகனுக்கும் பதில் வேறு வேறு. கசப்பானதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

முதல் மனைவி இருக்கும்போது கட்டிய தாலி இந்து திருமணச் சட்டத்தில் செல்லாது. தெரிந்தே வந்ததால் "திருமணத்தை ஒத்த உறவு" என்ற வாசலும் கிட்டத்தட்ட மூடித்தான் இருக்கிறது. 2013 நவம்பரில் இந்திரா சர்மா வழக்கு என்று ஒன்று. பெங்களூரில் கல்யாணமான ஒருவரோடு, அது தெரிந்தே பதினெட்டு வருஷம் வாழ்ந்த பெண். உச்ச நீதிமன்றம் கையை விரித்தது. அதே தீர்ப்பில், இப்படிப்பட்ட பெண்களும் பிள்ளைகளும்தான் அதிகம் கஷ்டப்படுகிறார்கள், நாடாளுமன்றம் சட்டம் கொண்டுவர வேண்டும் என்றும் எழுதினார்கள். இன்றுவரை வரவில்லை. முதல் மனைவியை மறைத்து ஏமாற்றியிருந்தால் உங்கள் நிலை கொஞ்சம் பலமாக இருந்திருக்கும். அதற்காகத் தெரியாது என்று பொய் சொல்லிவிடாதீர்கள், குறுக்கு விசாரணையில் ஒரு நிமிஷத்தில் வெளிவந்துவிடும்.

மகன் விஷயம் அப்படியில்லை. செல்லாத கல்யாணத்தில் பிறந்தாலும் இந்து திருமணச் சட்டத்தின் 16-வது பிரிவின்படி அவன் சட்டபூர்வமான பிள்ளைதான். அப்பாவின் சொந்தச் சம்பாத்தியத்தில் மற்றப் பிள்ளைகளைப் போலவே அவனும் வாரிசு. பூர்வீகச் சொத்தில் கிடையாது என்று ரொம்ப காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2023 செப்டம்பர் 1 அன்று ரேவணசித்தப்பா வழக்கில் மூன்று நீதிபதிகள் அதைத் தெளிவாக்கினார்கள். கூட்டுக் குடும்பச் சொத்தைப் பாகம் பிரித்தால் அப்பாவுக்கு என்ன பங்கு வருமோ, அந்தப் பங்குக்குள் இவனுக்கும் உண்டு. பெரியப்பா, சித்தப்பா பங்கில் கை வைக்க முடியாது. அவர் உயிரோடு இருக்கும்போதும் பிள்ளைக்கான ஜீவனாம்சம் கேட்கலாம்.

அந்தத் தாலி கட்டியதற்கு போட்டோ இருக்கிறதா? இதைத்தான் நீங்கள் பத்திரமாக வைக்க வேண்டும். 16-வது பிரிவுக்கு, செல்லாததாக இருந்தாலும், ஒரு கல்யாணம் நடந்திருக்க வேண்டும் என்று வாதிடுவார்கள். உங்களுக்குப் பயன்படாத தாலி உங்கள் மகனுக்குப் பயன்படும்.

பெயர்_வேண்டாம்

போட்டோ இருக்கிறது. ரெண்டு. நன்றி சார்.

மாடவீதி

மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு இலவச வக்கீல் உண்டு அக்கா. வருமான வரம்பு பெண்களுக்குக் கிடையாது. கோவை நீதிமன்ற வளாகத்திலேயே கேளுங்கள்.

டெபிட்கிரெடிட்

ஆடிட்டர் பேசுகிறேன். கவி, உங்கள் பதிவில் எனக்குப் பயம் கொடுத்தது ஆஸ்பத்திரி இல்லை, அந்தத் தவணைதான்.

அவர் பெயரில் வீடு, உங்கள் பணம். ஒருவர் பணத்தில் இன்னொருவர் பெயரில் சொத்து வாங்குவதைத் தடுப்பதுதான் பினாமி தடைச் சட்டம். மனைவி பெயரிலோ பிள்ளை பெயரிலோ வாங்கினால் அதில் விலக்கு உண்டு. கல்யாணம் ஆகாத துணைக்கு அந்த விலக்கு கிடையாது. நாளைக்கு "பாதி என்னுடையது" என்று நீங்கள் வழக்குப் போட்டால் அந்தச் சட்டத்தையே எடுத்து உங்கள் முன்னால் நீட்டுவார்கள். இப்போதே இருவரும் உட்கார்ந்து, நீங்கள் கொடுப்பதைக் கடன் என்று எழுதி வையுங்கள். அல்லது ஒரு பங்கை உங்கள் பெயருக்குக் கிரயம் செய்யட்டும். வீட்டுக் கடன் இருப்பதால் வங்கியைக் கேட்காமல் முடியாது. குடும்பத்தாருக்குள் செட்டில்மெண்ட் எழுதினால் முத்திரைத்தாளில் பெரிய சலுகை உண்டு, உங்களுக்கு அது கிடையாது. முழுக் கட்டணம்தான்.

அப்புறம் வருமான வரி. கணவன் மனைவிக்கு எவ்வளவு கொடுத்தாலும் வாங்கியவருக்கு வரி இல்லை. நீங்கள் சட்டத்தின் கண்ணில் உறவினர் இல்லை. ஒரு வருஷத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் அவர் உங்களுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தால் முழுத் தொகையும் உங்கள் வருமானம். இதைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். உயில் மூலம் வந்தால் மட்டும் வரி இல்லை.

பி.எஃப். நாமினி யார் என்று பார்த்தீர்களா?

தாம்பரம்_கவி

என்னைத்தான் போட்டிருக்கிறார். ஆன்லைனில் "மற்றவை" என்று தேர்ந்தெடுத்ததாக ஞாபகம்.

டெபிட்கிரெடிட்

அவர் அம்மா அவரைச் சார்ந்து இருக்கிறாரா? மாதாமாதம் பணம் அனுப்புகிறாரா?

தாம்பரம்_கவி

ஆமாம், தவறாமல்.

டெபிட்கிரெடிட்

அப்படியானால் அந்த நாமினேஷன் நிற்பது சந்தேகம். பி.எஃப். திட்டத்தில் "குடும்பம்" இருக்கிறவர் குடும்பத்தாரைத்தான் நியமிக்க முடியும். சார்ந்திருக்கும் பெற்றோர் அந்தக் குடும்பத்தில் வருவார்கள், நீங்கள் வர மாட்டீர்கள். வங்கி டெபாசிட்டில் யாரை வேண்டுமானாலும் போடலாம். ஆனால் நாமினி என்பவர் வங்கியிடம் பணத்தை வாங்கும் கைதான். வாங்கிய பணம் வாரிசுக்கோ உயிலில் இருப்பவருக்கோதான் போகும். உயில் இல்லாமல் நாமினியாக மட்டும் இருந்து என்ன பயன்?

மாடவீதி

உயில் இல்லாமல் போனால் யாருக்குப் போகும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

கருப்புக்கோட்டு

இந்து ஆண், மனைவி இல்லை, பிள்ளை இல்லை, அப்பா இல்லை. முதல் வகுப்பு வாரிசு அம்மா ஒருவர்தான். முழுவதும் அவருக்கு. தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்றிதழில் கவியின் பெயர் வரவே வராது.

டூன்_தமிழன்

நான் டேராடூனில் வேலை பார்க்கிறேன். உத்தரகண்டில் 2025 ஜனவரி 27 முதல் பொது சிவில் சட்டம் வந்துவிட்டது. சேர்ந்து வாழ ஆரம்பித்து ஒரு மாதத்துக்குள் பதிவு செய்ய வேண்டும். தவறினால் மூன்று மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பிறக்கும் குழந்தை சட்டபூர்வமானது, கைவிடப்பட்ட பெண் ஜீவனாம்சம் கேட்கலாம். தமிழ்நாட்டிலும் இப்படி ஒரு பதிவு இருந்தால் கவிக்கு இந்தத் தொல்லை இல்லையே?

மாடவீதி

பதிவேட்டின் நகல் உள்ளூர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகும் என்பதை விட்டுவிட்டீர்களே. 21 வயதுக்குள் என்றால் பெற்றோருக்கும் தகவல் போகும். சாதி மாறிக் காதலித்தால் வெட்டுகிற ஊரில் இதைக் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். விரும்பியவர் பதிவு செய்யலாம் என்று இருந்தால் நான் ஆதரிப்பேன். பதிவு செய்யாவிட்டால் ஜெயில் என்பது கண்காணிப்பு. அதில்கூட துணைக்குச் சொத்துரிமை இல்லை, கவனித்தீர்களா? பதிவு செய்தாலும் வாரிசு இல்லை.

டூன்_தமிழன்

அது உண்மைதான். இங்கே வீட்டுக்காரர்களே சான்றிதழ் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

வல்வெட்டி_மைந்தன்

இலங்கையிலயிருந்து ஒரு தகவல். கருப்புக்கோட்டு சொன்ன அந்த அனுமானத்துக்கு இந்திய நீதிமன்றங்கள் அடிக்கடி காட்டுற பழைய தீர்ப்பு எங்கட நாட்டு வழக்கு. 1927-ல சிலோனிலயிருந்து அந்தக் காலத்துக் கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனது. இஞ்ச 2005-ம் ஆண்டு வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தில சேர்ந்து வாழுற துணையும் வரும், ஆணும் கேட்கலாம். ஆனா சொத்து எண்டு வந்தா எங்களிட்டையும் இதே கதைதான்.

கருப்புக்கோட்டு

கவி மேடம், கேட்க மறந்துவிட்டேன். சேர்ந்து வாழ ஆரம்பித்தபோது நண்பர்கள் முன்னிலையில் மாலை மாற்றியது, மோதிரம் போட்டது என்று ஏதாவது உண்டா?

தாம்பரம்_கவி

புது வீட்டுக்கு வந்த அன்று நண்பர்கள் ஏழெட்டு பேர் இருந்தார்கள். ஒருவருக்கொருவர் மோதிரம் போட்டுக்கொண்டோம். பிரியாணி சாப்பிட்டோம். அது கல்யாணம் இல்லையே?

கருப்புக்கோட்டு

தமிழ்நாட்டில் அது அவ்வளவு சுலபமான கேள்வி இல்லை. 1967-ல் அண்ணா ஆட்சியில் இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். சுயமரியாதைத் திருமணம். புரோகிதர் வேண்டாம், அக்கினி வேண்டாம். உறவினரோ நண்பரோ வேறு யாரோ முன்னிலையில் மாலை மாற்றினாலும், மோதிரம் போட்டாலும், தாலி கட்டினாலும் போதும். ஊரைக் கூட்ட வேண்டிய அவசியமும் இல்லை என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

கல்யாணம் செய்துகொள்ளும் எண்ணம் இருவருக்கும் இருந்ததா என்பதுதான் கேள்வி. அப்படி எண்ணவில்லை என்றால் அது மோதிரம் மட்டும்தான். ஆனால் அவர் தம்பி மதுரையிலிருந்து வீட்டுச் சாவி கேட்டு வரும் நாளில், எந்த வக்கீலும் முதலில் அந்த போட்டோவைத்தான் கேட்பார்.

ரவி_திருச்சி

அப்படியென்றால் நான் சொன்னதும் முழுத் தப்பில்லையே!

மாடவீதி

😄 ரவி சார், விடுங்கள்.

தாம்பரம்_கவி

இதை அவரிடம் படித்துக் காட்டினேன். ஒரு நிமிஷம் பேசவில்லை, அப்புறம் சிரித்தார். எங்களுக்குத் தெரியாமலே சட்டம் எங்களுக்குக் கட்டி வைப்பதை நாங்கள் இருவரும் விரும்பவில்லை. அந்த போட்டோவை வைத்து நான் வழக்காட மாட்டேன். அவர் அம்மாவும் நல்லவர், அவரோடு கோர்ட்டில் நிற்க முடியாது. இருவரும் உயில் எழுதுகிறோம். ஆஸ்பத்திரிக்கு என்ன செய்வது என்று மட்டும் சொல்லுங்கள்.

கருப்புக்கோட்டு

அவர் நினைவோடு இருந்தால் அவர் கையெழுத்துதான் செல்லும். தம்பியும் வேண்டாம், நீங்களும் வேண்டாம். படிவத்தில் உறவினர் கையெழுத்து கேட்பது ஆஸ்பத்திரியின் பழக்கம். நினைவு இல்லை, உயிருக்கு ஆபத்து என்றால் டாக்டர் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டுக்கும் நடுவில்தான் சிக்கல். "சிகிச்சை பற்றி என் சார்பில் பேச இவருக்கு அதிகாரம் தருகிறேன்" என்று ஒரு கடிதம் எழுதி, கையெழுத்துப் போட்டு, நோட்டரியிடம் சான்று வாங்கி, வழக்கமாகப் போகும் ஆஸ்பத்திரிக் கோப்பில் இப்போதே சேர்த்துவிடுங்கள். அவர்களைக் கட்டுப்படுத்துமா என்றால் உறுதியில்லை, நடைமுறையில் வேலை செய்கிறது. மீள முடியாத நிலையில் வென்டிலேட்டர் வேண்டுமா என்பதற்குத் தனியாக முன்கூட்டிய மருத்துவ உத்தரவு எழுதலாம். உச்ச நீதிமன்றம் 2018 தீர்ப்பில் இதை அனுமதித்தது, 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சி, நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி. முடிவெடுப்பவர் என்று அதில் உங்கள் பெயரைப் போடலாம், ரத்த உறவாக இருக்க வேண்டும் என்று இல்லை.

டெபிட்கிரெடிட்

உயிலில் பி.எஃப்., கிராஜுவிட்டி, டீமேட் எல்லாம் தனித்தனியாகப் பெயர் சொல்லி எழுதச் சொல்லுங்கள். "என் எல்லாச் சொத்தும்" என்று ஒரு வரியில் முடித்துவிட வேண்டாம்.

தாம்பரம்_கவி

இந்த வாரமே எழுதிவிடலாமா? டிஸ்சார்ஜ் ஆகி மூன்று வாரம்தான் ஆகிறது.

கருப்புக்கோட்டு

எழுதலாம், ஆனால் அந்தத் தேதியைத்தான் நாளைக்குத் தம்பியின் வக்கீல் பிடிப்பார். "நெஞ்சுவலி வந்து படுத்திருந்தவரை மிரட்டி எழுதி வாங்கினார்கள்" என்பார். அதனால் அன்றைய தேதியில், தெளிவான மனநிலையில் இருக்கிறார் என்று டாக்டரிடம் சான்றிதழ் வாங்குங்கள். அந்த டாக்டரே ஒரு சாட்சியாகக் கையெழுத்துப் போட்டால் இன்னும் நல்லது. இன்னொரு சாட்சி உங்களைவிட வயதில் சிறியவராக இருக்கட்டும். சொத்து வாங்குகிறவர் சாட்சி போட வேண்டாம், எழுதும்போது நீங்கள் அந்த அறையில் இருக்கவும் வேண்டாம். அம்மாவுக்கு ஏன் குறைவாக அல்லது ஏன் இல்லை என்று அவர் கைப்பட இரண்டு வரி எழுதட்டும். மாதாமாதம் அனுப்பும் பணத்துக்கு ஈடாக அம்மா பெயரில் ஒரு டெபாசிட்டை அதே உயிலில் வைத்தால் வழக்கே வராமல் போகலாம். பதிவு கட்டாயம் இல்லை, ஆனால் செய்துவிடுங்கள். முத்திரைத்தாள் செலவு கிடையாது.

தாம்பரம்_கவி

அம்மாவுக்கு டெபாசிட் என்பதை அவரே நேற்று சொன்னார். தாம்பரம் சார்பதிவாளர் ஆபீசிலேயே பதிவு செய்யலாமா, இல்லை சொத்து இருக்கும் இடத்துக்குத்தான் போக வேண்டுமா? வீடு கூடுவாஞ்சேரி பக்கம்.

கருப்புக்கோட்டு

உயிலுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. எந்த சார்பதிவாளர் ஆபீசிலும் செய்யலாம். சாட்சிகள் இருவரும் அசல் ஆதாரோடு வரட்டும். முகூர்த்த நாளாகப் பார்த்துப் போகாதீர்கள், கிரயப் பத்திரக் கூட்டத்தில் டோக்கன் கிடைக்காது.